காசு கொடுத்த பிறகும் நன்றியா?

அன்புள்ள ஐயா,

கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டது பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். இப்போது நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதில் 'இந்தக் காலத்தில் வாழக் கிடைத்ததற்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது' என்று ஒரு வரி. அந்த வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

என் மனைவி கொஞ்ச நாளாகத் தூங்கப்போகும் முன் ஒரு நோட்டில் மூன்று நன்றிகள் எழுதுகிறார். ஆரம்பத்தில் மனிதர்களின் பெயர்கள் இருந்தன. இப்போது 'வாட்டர் ஹீட்டர்', 'ஃபிரிட்ஜ்', 'வீடியோ கால்' என்று போகிறது. நான் கேலி செய்தேன், சண்டையாகிவிட்டது. என் வாதம் இதுதான். வாட்டர் ஹீட்டருக்குக் காசு கொடுத்தாயிற்று. மாதாமாதம் மின்கட்டணமும் கட்டுகிறோம். கணக்கு தீர்ந்த இடத்தில் நன்றிக்கு என்ன வேலை? அதைச் செய்தவர்கள் நமக்காகவா செய்தார்கள், லாபத்துக்காகத்தானே?

இன்னொன்றும் உறுத்துகிறது. நான் மென்பொருள் துறையில் இருப்பவன். 'தொழில்நுட்பத்துக்கு நன்றியோடு இருங்கள்' என்ற பேச்சை எதையாவது விற்க வருகிறவர்கள் வாயில்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். குறை சொல்லாமல் வாங்கிக்கொள் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். நீங்களே செல்போனைப் பற்றி எத்தனை முறை புலம்பியிருக்கிறீர்கள்! புலம்பலும் நன்றியும் ஒரே வாயில் எப்படி?

அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் மன்னிக்கவும்.

ர.

*

அன்புள்ள ர.,

மன்னிக்க ஒன்றுமில்லை. வீட்டில் எதற்கெதற்கோ சண்டை வருகிறது, இதற்கு வந்தது நல்லதுதான். ஆனால் இதில் நான் உங்கள் மனைவி பக்கம். முழுக்க இல்லை, முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கைப் பின்னால் சொல்கிறேன்.

கண்ணைப் பற்றி விசாரித்தீர்கள். வலது கண்ணில் மட்டும்தான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இடது கண்ணில் புரை அப்படியே இருக்கிறது. இதனால் எனக்கு ஒரு விளையாட்டு கிடைத்திருக்கிறது. இடது கண்ணை மூடினால் சுவர் வெள்ளை. வலது கண்ணை மூடினால் அதே சுவர் பழைய செய்தித்தாள் நிறம். வயதாக ஆக, கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகிறது. நீல ஒளியை உள்ளே விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் தெரிவதில்லை. உலகத்தின் நிறமே அதுதான் என்று இருந்துவிடுகிறோம். என்னுடைய நீலச் சட்டை ஒன்றைச் சாம்பல் நிறம் என்று வீட்டில் அடித்துப் பேசியிருக்கிறேன். கட்டுப் பிரித்த அன்று அந்தச் சட்டையைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆபரேஷன் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சொட்டு மருந்து விட்டார்கள், கண் மரத்துப்போனது. மேலே விளக்கு வெளிச்சம் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல அசைந்தது. மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டது. 'முடிந்தது' என்றார் மருத்துவர். நடந்து வெளியே வந்தேன். அந்தக் கால் மணி நேரத்துக்குள் என்னென்ன இருந்தன என்று வீட்டில் சும்மா இருந்த நாட்களில் தேடிப் பார்த்தேன். படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், மரத்துப்போவதிலிருந்து.

இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கு 1750இல் கண்ணில் இரண்டு முறை ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கால முறைப்படி, ஊசியை விட்டுக் கலங்கிய லென்ஸைப் பார்வை வழியிலிருந்து கீழே தள்ளிவிடுவது. மரத்துப்போக மருந்து இல்லை. பார்வை திரும்பவில்லை. அதே வருடம் ஜூலையில் இறந்துபோனார்.

கண்ணை மரக்கச்செய்யும் மருந்து வர இன்னும் 134 வருடம் ஆகியிருக்கிறது. வியன்னாவில் கார்ல் கோல்லர் என்ற இளம் மருத்துவர், 1884இல், கோகேய்ன் கரைசலைத் தன் கண்ணில் விட்டுக்கொண்டு குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். வலிக்கவில்லை. கண்ணை விழித்திருக்கும்போதே வலியில்லாமல் வெட்டலாம் என்ற செய்தி அந்த செப்டம்பரில் ஹைடல்பர்க் நகரில் நடந்த கண் மருத்துவர்கள் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் கோல்லர் இல்லை. பயணச் செலவுக்கு அவரிடம் பணம் இல்லாததால் வேறொருவர் அவருடைய கட்டுரையைப் படித்தார்.

உங்கள் காசு வாதத்துக்கு நான் இங்கேதான் வருகிறேன். ஆஸ்பத்திரியில் நான் பணம் கட்டினேன், ரசீது இருக்கிறது. மருத்துவரின் நேரம், அறை, மருந்து, லென்ஸ் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. கோல்லர் பெயர் இல்லை. இருக்க வழியில்லை. நான் காசு கொடுத்தது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு மட்டும்.

காசால் வாங்க முடியாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு ஓவியர் குளோட் மோனே இருக்கிறார். பணம், புகழ் இரண்டும் இருந்த மனிதர். பிரான்சின் பிரதமராக இருந்த கிளெமான்சோ அவருடைய நெருங்கிய நண்பர். கிளெமான்சோ மருத்துவம் படித்தவரும்கூட. அவர்தான் வற்புறுத்தி, 1923இல் மோனேயின் வலது கண்ணில் ஆபரேஷன் நடக்க வைத்தார். அப்போதெல்லாம் லென்ஸை எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு எதுவும் வைக்க மாட்டார்கள். முடிந்ததும் தலையை அசைக்காமல் நாட்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். அப்புறம் கனத்த கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் பொருட்கள் பெரிதாகத் தெரியும், நேர்க்கோடு வளையும். நிறங்களை வைத்தே வாழ்ந்த மனிதருக்கு நிறங்கள் தாறுமாறாகின. கொதித்துப்போனார். இடது கண்ணைத் தொடவே விடவில்லை. 1926இல் அப்படியே இறந்தார். அவரால் எதையும் வாங்க முடிந்திருக்கும், ஆனால் எனக்குக் கிடைத்தது அன்றைக்கு உலகத்தில் எங்குமே இல்லை.

எடுத்த லென்ஸுக்குப் பதிலாக ஒன்றை வைக்கலாமே என்று தோன்றுவது இன்றைக்குச் சாதாரணம். ஹரோல்ட் ரிட்லி என்ற லண்டன் மருத்துவரிடம் ஒரு மாணவர் ஏறக்குறைய இதையேதான் கேட்டாராம். பழுதானதை எடுத்தீர்கள், புதிதை வைக்கவில்லையே என்று. ரிட்லிக்கு ஏற்கெனவே ஒரு விஷயம் தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் சுடப்பட்ட போர் விமானங்களின் விமானிகள் சிலர், விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சிதறல்கள் கண்ணுக்குள் பாய்ந்த நிலையில் சிகிச்சைக்கு வந்தார்கள். வேறு பல பொருட்கள் உள்ளே போனால் வீங்கிச் சிவக்கும் கண், அந்தப் பிளாஸ்டிக்கைப் பெரிதாக எதிர்க்காமல் சும்மா இருந்தது. அப்படியானால் அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்யலாம். 1949 நவம்பரில் செய்தார்.

கைதட்டவில்லை யாரும். அவருடைய துறையின் பெரிய தலைகள் எதிர்த்தன. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் லென்ஸ்கள் சில இடம் நழுவின, கண் வீங்கியது. ஒரு தலைமுறைக்கும் மேல் இழுத்தது. அமெரிக்காவில் இதற்கு முறையான ஒப்புதல் கிடைத்தது 1981இல்தான். ரிட்லி நீண்ட ஆயுள்காரர். முதுமையில் அவருக்கே புரை வந்து, இரண்டு கண்களிலும் செயற்கை லென்ஸ் வைத்துக்கொண்டார். 2000ஆம் ஆண்டு சர் பட்டம் கிடைத்தது, அடுத்த வருடம் இறந்தார். தன் கண்டுபிடிப்பின் வழியாகவே உலகத்தைப் பார்த்துவிட்டுப் போன மனிதர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்?

நான் கேட்டேனே, ரீங்காரம், அது இன்னொருவர் கைவரிசை. சார்ல்ஸ் கெல்மன் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பல்லின் காறையை எடுக்கும் மீயொலிக் கருவியைக் கவனித்தார். அதே அதிர்வால் கண்ணின் லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுத்தால் என்ன? 1967இல் நோயாளியிடம் செய்து பார்த்தார். அதனால் துளை சிறிதாயிற்று. சுருட்டி உள்ளே விட்டுப் பிரிக்கிற மென்மையான லென்ஸ் பிற்பாடு வந்ததும் தையல்கூட வேண்டாம் என்றாயிற்று. நான் எழுந்து நடந்து வந்தது அதனால்தான். பல் டாக்டரிடம் போகும்போது எனக்கு வாயைத் திறப்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றியதில்லை.

லாபத்துக்காகச் செய்தார்கள் என்கிறீர்கள். சிலர் அதற்காகவும்தான். நமக்காகச் செய்யவில்லை என்பதும் உண்மை. அந்த விமானிகள் என் கண்ணை நினைத்தா அடிபட்டார்கள்? ஆனாலும் அவர்களுடைய காயம் என் வலது கண்ணுக்குள் ஏதோ ஒரு வகையில் இருக்கிறது. இதற்கு யாரிடம் போய் எதைக் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பது? தீர்க்க முடியாததால்தான் நன்றி என்று ஒரு சொல் தேவைப்படுகிறது. தீர்க்க முடிந்தால் அதற்குப் பெயர் பாக்கி.

சரி, உங்கள் மனைவியோடு எனக்கு இருக்கும் கால் பங்குச் சண்டை. 'வாட்டர் ஹீட்டர்' என்று வெறும் பெயர் எழுதினால் பத்து நாளில் அது ஆஜர் எடுப்பதுபோல ஆகிவிடும். வாட்டர் ஹீட்டர்? உள்ளேன் ஐயா. ஃபிரிட்ஜ்? உள்ளேன் ஐயா. என் அனுபவத்தில் நன்றி ஓர் உணர்ச்சியாக நிற்பதே இல்லை. முதல் வாரம் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்று சுவர் சுவராகிவிட்டது. நல்ல தொழில்நுட்பத்தின் குணமே அதுதான். ஒழுங்காக வேலை செய்தால் கண்ணில் படாது. எனக்கு நினைவுபடுத்த இன்னும் அந்த மஞ்சள் கண் ஒன்று மிச்சமிருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த வேலையை நோட்டு செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு விவரமும் வேண்டும்.

தண்ணீரைச் சேமித்துச் சூடாக்குகிற வகை ஹீட்டராக இருந்தால், அதில் விரல் அளவுக்கு ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறினால் திறந்து வெளியேற்றிவிடும். அது இல்லாவிட்டால் குளியலறையில் தொங்குவது ஒரு வெடிகுண்டு. அந்த யோசனை 1680 வாக்கில் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து வந்தது. மூடிய பாத்திரத்தில் நீராவியை அடைத்துக்கொண்டிருந்தவர், பாத்திரம் வெடிக்காமல் இருக்க மேலே எடை தொங்கும் கம்பியால் அழுத்திய ஒரு மூடியை வைத்தார். யோசனை வந்துவிட்டதே என்று எல்லோரும் பிழைத்துவிடவில்லை. அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகும் கப்பல்களிலும் ஆலைகளிலும் கொதிகலன்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. சட்டமும் சோதனையும் தர அளவுகளும் வந்த பிறகுதான் அடங்கியது. உங்கள் மனைவி அந்த வால்வை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதட்டும். (அப்படியே அது துருப்பிடித்து அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று ஆள் வைத்துப் பார்த்துவிடுங்கள். இது இலக்கியம் அல்ல, எச்சரிக்கை.)

இன்னொரு நாளைக்குக் கை கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். குழாய் நேராகப் போகாமல் ஒரு வளைவு வளைந்து போகும். வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான். கழிப்பறைக்கு இப்படி ஒரு வளைவை வைத்து 1775இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கமிங், தொழில் கடிகாரம் செய்வது. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு பொருளைக் கடிகாரக்காரர் தந்தார் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கனமானது. குறை சொல்லாமல் வாங்கிக்கொள் என்பதற்குப் போடும் மேலுறையாக நன்றி பயன்படுகிறது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நோட்டில் இருக்கிற ஃபிரிட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920களில் வீட்டு ஃபிரிட்ஜ்களில் சுற்றி ஓடியவை அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள். இரவில் கசிந்தால் வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமல் போன சம்பவங்கள் உண்டு. இதைச் சும்மா விடக் கூடாது என்று பேச்சு எழுந்தது. 1928இல் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய கூட்டாளிகளும் நச்சில்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார்கள், குளோரோஃபுளோரோகார்பன். மிட்ஜ்லி மேடையில் அதை இழுத்து மூச்சாக விட்டு மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். எல்லோரும் நன்றியோடு வாங்கினார்கள். 1974இல் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் குறை சொன்னார்கள். அந்த வாயு மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று. தயாரிப்பாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்துபோயிருப்பதை அளந்தே காட்டிவிட்டார்கள். 1987இல், அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இப்போது உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஓடுவது வேறு வாயு. ஓசோன் மெல்லத் தேறிவருகிறது.

அப்படியென்றால் அந்த நோட்டில் ஃபிரிட்ஜ் என்று எழுதும்போது யாருக்கு நன்றி? மிட்ஜ்லிக்குமா? ஆமாம், அவருக்கும். பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று கண்டுபிடித்து உலகத்தின் மூச்சில் ஈயத்தைக் கலந்தவரும் அவர்தான் என்பதை மறக்காமல். ஆனால் என் பட்டியலில் மோலினாவும் ரோலண்டும் அவருக்கு மேலே இருப்பார்கள். புலம்பலும் நன்றியும் ஒரே வாயில் எப்படி என்றீர்கள். ஃபிரிட்ஜுக்குள்ளேயே அவை ஒன்றாகத்தான் இருக்கின்றன. நீங்கள் மென்பொருள்காரர். பயன்படுத்துகிறவர்களின் குறை வராமல் எந்த நிரலாவது உருப்பட்டதுண்டா?

செல்போன். அதைப் பற்றி எழுதிய புகார்களில் ஒன்றைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. காலையில் எழுந்ததும் என் கை அதைத் தேடுவது எனக்கு இன்றும் அவமானமாகவே இருக்கிறது. ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய மாதங்களில் எழுத்து மங்கி, பின் மூன்று வாரம் படிக்கவும் கூடாது என்று ஆனபோது, வாசகர் கடிதங்களை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டியது அந்தச் சனியன்தான். அச்செழுத்தைக் குரலாக்கிப் படிக்கும் இயந்திரத்தை ரே கர்ஸ்வைல் பார்வையற்றவர்களுக்காக 1976இல் வெளியிட்டபோது அது மேசையை அடைத்துக்கொள்ளும் அளவு இருந்தது. இப்போது சட்டைப் பையில் இருக்கிறது, தமிழும் படிக்கிறது. ஓரளவுக்கு. 'ஐயோ பாவம்' என்று ஒருவர் எழுதியிருந்ததை நடனக்காரர் முகத்தில் காட்டும் பாவமாக உச்சரித்தது. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதானே, அது என்ன செய்யும், பாவம். என் பழைய கட்டுரை ஒன்றையும் படிக்கச் சொன்னேன். ஒரு வாக்கியம் முடியவே இல்லை. இயந்திரத்துக்கு மூச்சு வாங்காது என்றாலும் எனக்கு வாங்கியது. இந்தப் பதிலில் வாக்கியங்கள் சின்னதாக இருப்பதற்கு நீங்கள் நன்றி சொல்ல விரும்பினால் அதற்குச் சொல்லுங்கள்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மோனே மாதிரி மறுக்கப்போவதில்லை. ஆனால் அதோடு என் விளையாட்டு முடிந்துபோகும், ஒப்பிட்டுப் பார்க்க மஞ்சள் சுவர் இருக்காது. அதனால் இப்போதே வலது கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் ஒவ்வொன்றையும் பார்த்து, எது என்ன நிறத்தில் தெரிகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்திருக்கிறேன். இதைச் சொன்னால் உங்கள் மனைவி சிரிப்பார். நீலச் சட்டை இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்.